நாட்டுக்குள் பதினான்கு நாடு

பூகோள பாடம் நடத்தும் உபாத்தியாயர்கள் அனைவருக்கும் பிரியமான கேள்வி ஒன்று உண்டு. "இந்தியாவின் இயற்கைப் பிரிவுகளை விவரி" என்பதே அது. வினாத்தாள் தயாரிக்க உட்கார்ந்தால் கை தானாகவே அதை எழுதிவிடும். மாணாக்கரின் கையும் அப்படியே. வடக்கே இமயமலை, அதன் கீழே கங்கைச் சமவெளி, மேற்கே தார்ப் பாலைவனம், தெற்கே தீபகற்பப் பீடபூமி, இருபுறமும் கடற்கரைச் சமவெளி, கடைசியாகத் தீவுகள் என்று ஆறு தலைப்பு எழுதி, ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி சேர்த்தால் பத்து மதிப்பெண். இருபது வருஷங்களாக நாம் இந்த விடையைத் திருத்தி வருகிறோம். விடை எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த ஆறில் ஒன்றையேனும் தம் காலால் மிதித்து அறிந்தார்கள் என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

சென்ற தை மாதத்தில் பத்தாம் வகுப்பு மாணாக்கர் இருபத்தெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு கொல்லிமலைக்குச் சென்று வந்தபிறகுதான் தோன்றியது. வாசலூர்பட்டியின் ஏரிக்கரையில் நமக்குக் கிடைத்த பாடத்தை நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பாடம் சொல்லப் போனவர் பாடம் கேட்டுத் திரும்பிய கதை என்றும் இதைக் கொள்ளலாம்.

எழுபது வளைவுகள்

நமது ஊர் காவிரிக் கரையிலுள்ள ஒரு சிறு பட்டணம். அங்கிருந்து நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் பஸ் காரவள்ளியை அடைந்தது. காரவள்ளி மலையின் பாதம். அங்கிருந்து மேலே சோளக்காடு போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் பத்துப் பலகைகளை மாணாக்கர் உற்சாகத்தோடு கூவி எண்ணினார்கள். முப்பதில் குரல் குறைந்தது. ஐம்பதில் எலுமிச்சம்பழம் கைக்குக் கை மாறியது. எழுபதாவது பலகையைக் கண்டபோது எழுந்த ஆரவாரம், பரீட்சை முடிந்த நாளில் எழும் ஆரவாரத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

காரவள்ளியில் காலை பத்து மணிக்கு நமது உஷ்ணமானி 27 டிகிரி காட்டியது. வாசலூர்பட்டியில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு 22 டிகிரி. சூரியன் உச்சிக்கு ஏற, பாதரசம் கீழே இறங்கியிருந்தது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி உஷ்ணம் குறையும் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதியதுண்டு. அன்று அந்தச் சூத்திரத்தை எழுதத் தேவை ஏற்படவில்லை. மாணாக்கர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றதே போதுமானதாக இருந்தது.

உஷ்ணம் மட்டுமா மாறியது? அடிவாரத்தில் முட்புதர்களும் வறண்ட நிலமும் இருந்தன. சற்று மேலே இலையுதிர் மரங்களும் மூங்கிலும் தலைகாட்டின. உச்சியை நெருங்கியதும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றின்மேல் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும், நிழலில் காப்பிச் செடிகளும். பள்ளங்களில் என்றும் பசுமை மாறாத சோலைகள். ஒன்றரை மணி நேரத்துப் பிரயாணத்தில் மூன்று நான்கு பிரதேசங்களைக் கடந்துவிட்டாற்போல் இருந்தது. தேசத்தின் நெடுக்கில் நூற்றுக்கணக்கான மைல் போனால் காணக்கூடிய மாறுதலை, மலையொன்று தன் குறுக்கிலே அடுக்கி வைத்திருக்கிறது.

"அதுக்குள்ளே எந்த நாடு?"

வாசலூர்பட்டியில் படகு இல்லத்தோடு கூடிய சிறிய ஏரி ஒன்று இருக்கிறது. சுற்றிலும் மலைச் சரிவுகள். ஏரிக்கரையில் கட்டுச்சோற்றை முடித்தபிறகு, கையோடு கொண்டுபோயிருந்த இந்திய தேசப் படத்தை ஒரு மரத்தில் மாட்டினோம். இயற்கைச் சூழலில் இயற்கைப் பிரிவுகளைப் போதிக்கவேண்டும் என்பது நமது திட்டம். இமயமலையிலிருந்து தொடங்கினோம்.

பாடம் கங்கைச் சமவெளிக்கு வந்த சமயம், மலைவாழைப்பழம் விற்றுக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். வியாபாரத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அவரும் உட்கார்ந்து பாடம் கேட்டார். நாம் சற்று நிறுத்தியபோது மாணாக்கரைப் பார்த்து, "பிள்ளைகளெல்லாம் எந்த நாடு?" என்று கேட்டார்.

முன்வரிசைப் பையன் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி, "இந்தியா, தாத்தா!" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். கிழவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற சிரிப்பு அது.

முதியவரும் சிரித்தார். "அது சரி தம்பி, நானும் அதுதான். அதுக்குள்ளே எந்த நாடு?" என்றார்.

சிரிப்பு நின்றது. நாம் குறுக்கிட்டு ஊர்ப் பெயரைச் சொன்னோம். பிறகு அவர் விளக்கினார். கொல்லிமலையில் ஊர்த் தொகுதிகளுக்கு 'நாடு' என்றே பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனார். மொத்தம் பதினான்கு. இன்றைய ஊராட்சிகளும் அந்தப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. சோழர் காலத்துச் சாஸனங்களில், பல ஊர்கள் சேர்ந்த பிரிவுக்கு 'நாடு' என்று பெயர் வழங்குவதை நேயர்கள் அறிவார்கள். சமவெளியில் நாம் மறந்துவிட்ட அந்த வழக்கை மலை மறக்கவில்லை.

முதியவர் எழுந்து படத்தருகே வந்தார். "வாத்தியாரய்யா, இதிலே கொல்லிமலை எங்கே?"

முன்வரிசைப் பையனே காட்ட முன்வந்தான். அவன் விரல் சென்னையிலிருந்து கிளம்பித் தெற்கே வந்தது, மேற்கே நகர்ந்தது, நின்றது. படத்தில் கிழக்குக் கடற்கரையை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு பழுப்புப் பட்டை இருந்தது. அதன்மேல் 'கிழக்குத் தொடர்ச்சி மலைகள்' என்று அச்சிட்டிருந்தது. கொல்லிமலை என்று எங்கும் இல்லை. பையன் நம்மைப் பார்த்தான். நாம் படத்தைப் பார்த்தோம்.

"பரவாயில்லை தம்பி, படம் சின்னது" என்று சொல்லிவிட்டு முதியவர் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

அவர் சமாதானமாகச் சொன்ன சொல்தான். ஆனாலும் அது நம் மனத்தை விட்டு அகலவில்லை.

படம் சிறிதானால் தேசமும் சிறிதாகும்

அந்தப் படத்தின்மீது குற்றம் சொல்வதற்கில்லை. நமது தேசத்தின் பரப்பு 32,87,263 சதுர கிலோமீட்டர். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை 3,214 கிலோமீட்டர். மேற்கிலிருந்து கிழக்கு 2,933 கிலோமீட்டர். கொல்லிமலையின் பரப்போ சுமார் 280 சதுர கிலோமீட்டர்தான். வகுப்பறைச் சுவரில் தொங்கும் படத்தில், ஒரு துவரம்பருப்பு மறைக்கும் இடத்துக்குள் பதினான்கு நாடும் அடங்கிவிடும். அதில் பெயரை எங்கே அச்சிடுவது?

ஆனால் படத்தின் அளவு மாறினால் பெயர்கள் மட்டுமல்ல, தேசத்தின் அளவே மாறிவிடும் என்பதற்கு அண்மையில் ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கிறது. இந்தியாவின் கடற்கரை 7,516 கிலோமீட்டர் நீளம் என்று நாமும் நமக்கு முன்னிருந்தவர்களும் மனப்பாடம் செய்தோம். அந்தக் கணக்கு 1970-களில் எடுத்தது. படத்தில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் 45 கிலோமீட்டருக்குச் சமமாக இருந்த அளவில் அளந்தார்கள். பின்னர் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் என்ற நுட்பமான அளவில் மறுபடி அளந்தபோது, கடற்கரை 11,098 கிலோமீட்டர் ஆகிவிட்டது. மத்திய அரசாங்கத்தின் உள்துறை அமைச்சகம் 2023–24-ஆம் வருஷத்து அறிக்கையில் இதை வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் கடற்கரையும் 906 கிலோமீட்டரிலிருந்து 1,068 கிலோமீட்டராக நீண்டது.

இடையில் கடல் விலகி நிலம் வளர்ந்துவிட்டதா? இல்லை. முன்பு ஒரே கோடாக இழுத்த இடத்தில் இருந்த கழிமுகங்களும், உப்பங்கழிகளும், சிறு வளைகுடாக்களும், மண் திட்டுக்களும் இப்போது கணக்கில் வந்தன. கிட்டே போய்ப் பார்த்தார்கள்; தேசம் பெரிதாகிவிட்டது.

இதை ஏரிக்கரையிலேயே மாணாக்கருக்கு எடுத்துச் சொன்னோம். காரவள்ளிக்கும் சோளக்காட்டுக்கும் இடையே படத்தில் அடிக்கோல் வைத்து அளந்தால் எவ்வளவு, பஸ் எழுபது முறை திரும்பித் திரும்பிக் கடந்த தூரம் எவ்வளவு என்று ஒப்பிட்டுக் காட்டினோம். வயிறு புரட்டி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தவர்களுக்கு அது உடனே விளங்கிவிட்டது.

தொடராத தொடர்ச்சி

மறுநாள் காலையில் மலையின் விளிம்பில் ஒரு பாறைமேல் நின்று கீழே நோக்கினோம். பனி விலகியிருந்தது. வயல்களும் ஏரிகளும் சாலைகளும் கோலம்போட்டாற்போல் விரிந்து கிடந்தன. சமவெளிக்கு அப்பால் தொலைவில் வேறு மலைகள் நீல நிறத்தில் தனித்தனியே நின்றன. நாம் திசைகளைச் சொன்னோம். கிழக்கே பச்சைமலை. வடமேற்கே போதமலை, அதற்கும் அப்பால் சேர்வராயன் மலை. வடக்கே கல்வராயன் மலை. தெற்கே மலை முடிந்து காவிரியின் வெளி.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, தொடர்ச்சி மலை என்கிறோமே, இது எங்கே தொடர்கிறது?"

நாம் விழித்தோம். இருபது வருஷமாகக் கரும்பலகையில் கிழக்குத் தொடர்ச்சி மலையை ஒரே வீச்சில் பழுப்புச் சுண்ணாம்புக் கட்டியால் இழுத்துக் காட்டியவர் நாமே. மேற்குத் தொடர்ச்சி மலையாவது சொன்ன சொல்லுக்கு ஏறக்குறையக் கட்டுப்பட்டு நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் அதில் பெரிய இடைவெளி. கிழக்கு மலைகளோ அப்படியல்ல. மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணை, காவிரி முதலிய நதிகள் அவற்றை வெட்டிக்கொண்டு வங்கக் கடலுக்குப் போகின்றன. நதிகள் அறுத்தும், மழை கரைத்தும், காற்று அரித்தும் எஞ்சியவையே ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று தனித்தனியே நிற்கும் இந்தக் குன்றுக் கூட்டங்கள். பெரிய வீடு இடிந்துபோனபின் நிற்கும் தூண்களைப் போன்றவை இவை.

இத்தனையும் நமக்குத் தெரியாததன்று. சர்வகலாசாலையில் படித்ததுதான். ஆனாலும் கரும்பலகையில் பட்டையாக இழுப்பது சுலபமாக இருந்தது. இழுத்து இழுத்து அதையே நம்பிவிட்டோம். "நீ கேட்டது சரி, நாம் வரைந்தது தவறு" என்று அந்தப் பெண்ணிடம் ஒப்புக்கொண்டோம். வகுப்பு முழுவதும் அன்று மிகுந்த கவனத்தோடு பாடம் கேட்டது. உபாத்தியாயர் தவறை ஒப்புக்கொள்ளும்போது மாணாக்கருக்கு ஏற்படும் உற்சாகமே தனி.

பாட்டனும் பேரனும்

நாம் நின்ற பாறை எவ்வளவு பழமையானது என்று ஒருவன் கேட்டான். கொல்லிமலையின் பெரும்பகுதி சார்னோக்கைட்டு என்ற கடினமான கருநிறப் பாறை வகையைச் சேர்ந்தது. இப்பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலக் கம்பெனி உத்தியோகஸ்தரின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற பூதத்துவ சாஸ்திரி, 1893-ல் அந்தப் பாறை வகைக்கு அவர் பெயரையே சூட்டினார். கல்லறை வங்காளத்தில், கல்லோ சென்னைக்கு அருகே பல்லாவரத்துக் கல். நம் ஊர்க் கல் கப்பலேறிப் போய், அங்கே ஒரு வெள்ளைக்காரரின் பெயரைப் பெற்றுக்கொண்டு திரும்பிவந்திருக்கிறது.

இப்பிரதேசத்துப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி வருஷங்கள். இமயமலை எழத் தொடங்கியதோ ஏறக்குறைய ஐந்து கோடி வருஷங்களுக்கு முன்புதான். ஒரு காலத்தில் நமது தீபகற்பம், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா எல்லாம் ஒரே பெருநிலமாக இருந்தன. கோண்டு மக்கள் வாழும் மத்திய இந்தியப் பிரதேசத்தின் பெயரால் அதைக் 'கோண்டுவானா' என்று சாஸ்திரிகள் அழைக்கிறார்கள். அதிலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்த நமது நிலம் ஆசியாவோடு மோதியதால், இடையிலிருந்த கடலின் அடித்தட்டு மடிந்து மேலெழுந்தது. அதுவே இமயம். அங்கே உயர்ந்த பாறைகளில் கடல்வாழ் பிராணிகளின் சுவடுகள் இன்றும் கிடைக்கின்றன. கொல்லிமலைக் கல்லின் உறவினரைத் தேடவேண்டுமானால் இமயத்துக்குப் போவதில் பயனில்லை. இலங்கையிலும், பனி மூடிய அண்டார்க்டிகாவிலும் தேடவேண்டும்.

காஞ்சன்ஜங்காவின் உயரம் 8,586 மீட்டர். நாம் நின்ற மலை அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் வயதில் இது பாட்டன், அது பேரன். பேரன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான். அவன் வளர்வதன் அடையாளமே வடக்கே அடிக்கடி நேரும் பூகம்பங்கள். பாட்டன் தேய்ந்துகொண்டிருக்கிறார். கொல்லிமலையின் உச்சி கூராக இல்லாமல் தட்டையாக இருப்பதும் அந்தத் தேய்மானத்தின் பலன்தான். யுகயுகமாகப் பெய்த மழை பாறையிலுள்ள கரையும் பொருள்களைக் கொண்டுபோய்விட, இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண் மேலே தங்கியது. சில மேடுகளில் பாக்சைட்டு வெட்டி எடுக்கப்பட்டதும் இதனால்தான். மலை சேர்த்துவைக்கப் பல லட்சம் வருஷங்கள் எடுத்துக்கொண்டதை இயந்திரம் சில வருஷங்களில் அள்ளிவிடுகிறது.

மலையைச் சுமந்து செல்லும் நீர்

தேய்ந்த மலை எங்கே போகிறது? இதற்கு விடை காண அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சென்றோம். கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. மலைமேல் ஓடிவரும் ஐயாறு அங்கே சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. பின்னர் கிழக்கே புளியஞ்சோலை வழியாகத் திருச்சி ஜில்லாவுக்குள் இறங்கி, முடிவில் காவிரியோடு கலந்துவிடுகிறது.

ஆகாய கங்கை என்று பெயர் வைத்தவர்கள் பூகோளம் அறிந்தவர்களாகவே இருக்கவேண்டும். வடக்கே உண்மைக் கங்கை செய்யும் வேலையை இந்தச் சிற்றாறு தன்னால் இயன்ற அளவு செய்கிறது. 2,525 கிலோமீட்டர் ஓடும் கங்கையும் அதன் துணைநதிகளும் இமயத்தைத் துகள் துகளாகச் சுமந்து வந்து கொட்டியதே வட இந்தியச் சமவெளி. சில இடங்களில் அந்த வண்டல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் உள்ளது. கடலைச் சேருமிடத்தில் சுந்தரவனக் காடுகள். இங்கே குடகிலும் நீலகிரியிலும் கொல்லியிலும் பிறந்த நீர்கள் கூடி, தஞ்சைத் தரணியை உண்டாக்கின. தஞ்சாவூரில் ஒரு பிடி மண்ணை எடுத்தால் அதில் இம்மலைகளின் பொடியும் சிறிது இருக்கும். மலைக்காரரும் வயற்காரரும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கலாம். நிலம் அவர்களைச் சம்பந்திகளாக்கி வைத்திருக்கிறது.

மழையின் கதையும் இப்படியே. ஆனி, ஆடியில் அரபிக் கடலிலிருந்து வரும் காற்று மேற்கு மலையில் மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. நமக்கு மிச்சம் சொற்பம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வரும் காற்றே தமிழ்நாட்டின் கிணறுகளை நிரப்புகிறது. அந்தக் காற்றை வழியில் நிறுத்தி, "கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போ" என்று கேட்பவை கிழக்கே நிற்கும் இந்தக் குன்றுகள். மேகாலயத்து மௌசின்ராமில் வருஷத்துக்கு 11,800 மில்லிமீட்டருக்குமேல் மழை. லடாக்கின் லே நகரில் சுமார் 100 மில்லிமீட்டர். ஒரே தேசத்தில் ஒரு மக்கள் கூட்டம் மழையிலிருந்து தப்பப் புல்லாலும் மூங்கிலாலும் முதுகுக்கவசம் பின்னுகிறது. இன்னொன்று உருகும் பனியை வாய்க்காலில் பிடித்துப் பார்லி விளைக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: காற்றின் வழியில் மலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான்.

சாமையும் மரவள்ளியும்

இரண்டாம் நாள் மாலை அந்த முதியவரை மறுபடி சந்தித்தோம். இம்முறை நம்மைத் தம் நிலத்துக்கு அழைத்துப்போனார். சரிவில் கால் ஏக்கர் அளவுக்குச் சாமை அறுத்த தாள் நின்றது. சுற்றிலும் மற்றவர் நிலங்களில் மரவள்ளி.

"எங்கப்பா காலத்திலே இந்தச் சரிவு முழுக்கச் சாமை, தினை, கேழ்வரகுதான். இப்ப நான் வீட்டுக்கு மட்டும் போடறேன்" என்றார்.

ஏன் என்று கேட்டதற்கு அவர் வீட்டு அம்மாள் பதில் சொன்னார்: "உரல்லே குத்திப் புடைச்சுச் சோறாக்கறதுக்குள்ளே தோள் கழண்டுடும் சாமி. கிழங்குன்னா லாரி வாசலுக்கே வருது."

அவர் சொன்னதில் ஒரு பூகோள நூலே அடங்கியிருந்தது. சாலை வந்தது, சாலையோடு லாரி வந்தது, கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. சாமையின் கடினமான உமியை நீக்கும் உழைப்பு முழுவதும் பெண்கள் தோளில் விழுந்திருந்தது. இந்த நிலைமையில் தானியம் தோற்றதில் வியப்பென்ன? சமவெளியில் இருந்துகொண்டு, "பழைய தானியங்களைக் கைவிட்டுவிட்டார்களே!" என்று அங்கலாய்ப்பது நமக்கு எளிது. அந்த அம்மாளின் தோளைக் கேட்டால் வேறு கதை சொல்லும். ஆனால் கிழங்கு மண்ணைக் கிளறிப் பிடுங்கவேண்டிய பயிர். சரிவில் அப்படிக் கிளறிய மண்ணை அடுத்த மழை கீழே கொண்டுபோய்விடும். சாமையோ வறட்சியைத் தாங்கி, குறைந்த மண்ணில், எருவும் நீரும் அதிகம் கேளாமல் விளையும். இந்த மலைக்கென்றே பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து வைத்த விதை அது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் இச்சிறுதானிய விதைகளைக் காக்கும் வேலையைச் செய்து வருகிறது. உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்ததும் அவ்வேலையில் சேர்ந்ததே. விதையைக் காப்பதற்குத் தோளையும் காக்கவேண்டும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஐக்கிய நாடுகள் சபை, இந்தியாவின் யோசனையை ஏற்று, 2023-ஐ சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியது. பட்டணத்துக் கடைகளில் சாமை இன்று கண்ணாடிப் பைகளில் விலையேறி விற்கிறது. அந்தப் பணத்தில் எத்தனை பங்கு எழுபது வளைவுகளையும் ஏறி மேலே வருகிறது என்பதே கேள்வி.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் இந்த மலையை ஆண்டவன். வில்லுக்கும் கொடைக்கும் பெயர் பெற்ற மன்னன் இருந்த மலை, இன்றும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நீரைக் கொடுக்கிறது, மண்ணைக் கொடுக்கிறது, மிளகும் காப்பியும் பழமும் கொடுக்கிறது. வாங்கிக்கொள்கிற சமவெளியின் தேசப் படத்தில் அதற்கு ஒரு புள்ளி இல்லை.

புதிய கேள்வி

ஊர் திரும்பியதும் வகுப்பறைச் சுவரில் இரண்டு காரியம் செய்தோம். பழுப்புப் பட்டையின் தென்கோடியில், ஒரு மெல்லிய பேனாவால், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வட்டம் வரைந்தோம். பக்கத்தில் ஜில்லாப் படத்தை மாட்டி, அதில் பதினான்கு நாட்டின் பெயர்களையும் மாணாக்கரைக் கொண்டே எழுதச் செய்தோம். முன்வரிசைப் பையன்தான் முதலில் எழுதினான்.

மூன்றாவது காரியம் வினாத்தாளில். "இந்தியாவின் இயற்கைப் பிரிவுகளை விவரி" என்ற கேள்வியை நாம் எடுத்துவிடவில்லை, அது தெரிந்திருக்கவேண்டியதே. ஆனால் அதன் கீழே இன்னொரு கேள்வியைச் சேர்த்தோம்: "உன் வீட்டு வாசலில் விழும் மழைநீர் எந்த வழியாக எந்தக் கடலைச் சேருகிறது?"

எல்லோரும் 'வங்காள விரிகுடா' என்று சரியாக எழுதியிருந்தார்கள். வழியைத்தான் பலரால் எழுத முடியவில்லை. வீட்டிலிருந்து நேரே காவிரிக்குத் தாவிவிட்டார்கள். பாறைமேல் நின்று கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் விடை மட்டும் வேறாக இருந்தது. தன் தெருச் சாக்கடை, சாக்கடை சேரும் ஓடை, ஓடை போகும் ஏரி என்று படிப்படியாக எழுதிவந்தவள், அங்கே நிறுத்தியிருந்தாள். அடுத்த வரி இது:

"ஏரி இருந்த இடத்தில் இப்போது பஸ் நிலையம் இருக்கிறது. அதற்குமேல் நீர் எப்படிப் போகிறது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் வருகிறது."

பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய ஜில்லாப் படம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் அந்த ஓடையைத் தேடி நடந்தோம். பன்னிரண்டு மாணாக்கர் கூட வந்தார்கள்.